கார்டுக்கு வைத்த பொட்டு

புரட்டாசி 7, செவ்வாய்

பிள்ளையார் துணை. ஆய்க்குடி முருகன் துணை.

இந்த டைரியை உலகு கொடுத்தாள். போன வருஷம் அவள் ஆபீசில் கொடுத்ததாம், ஒரு பக்கம்கூட எழுதாமல் புத்தம் புதிதாக இருக்கிறது. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு நம் தேதியைப் போட்டுக்கொள்கிறேன்.

உலகு என் அண்ணன் மகள். முழுப்பெயர் உலகம்மை. தென்காசி அம்மன் பெயர். இங்கே ஆபீசில் "உல்ஸ்" என்று கூப்பிடுகிறார்களாம். அம்மன் மன்னிக்கட்டும். மதினிக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருப்பதால் அவளால் வர முடியவில்லை. "பேச்சி, பிள்ளை சாப்பிடாம கொள்ளாம கெடக்கா. நீ போயி கொஞ்ச நாள் சோறு பொங்கிப் போடு" என்று அண்ணன் என்னைப் பெங்களூருக்கு ரயிலேற்றிவிட்டார். எனக்கென்ன, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டால் முடிந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதுகூட இல்லை.

வந்து இரண்டு நாள் ஆகிறது. பிள்ளை துரும்பாகத்தான் இருக்கிறாள். காலையிலிருந்து மேஜை முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை. நான் ஊர்க்கதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் இந்த டைரியை நீட்டினாள்.

"அத்தை, நீங்க சொல்லுததைக் கேக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா வேலைக்கு நடுவுல கேட்டா ரெண்டும் போயிருது. இதுல எழுதி வையுங்களேன்."

"எழுதுனா கை வலிக்கும்ட்டி. பேசுனா எனக்கு ஒண்ணும் வலிக்காது."

"எனக்குத் தலை வலிக்கு அத்தை."

அதனால் எழுதுகிறேன். எப்போதாவது அவள் எடுத்துப் படிப்பாளோ என்னவோ, பார்த்துத்தான் எழுத வேண்டும்.

இங்கே தேங்காயில் தண்ணீரே இல்லை. கறிவேப்பிலைக்கு வாசனை இல்லை. லிப்டில் ஏறினால் வயிறு மேலே வருகிறது.

புரட்டாசி 8, புதன்

இன்று சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "ஊருல எல்லாரும் என்னைக் கேக்காவ, உன் மருமக என்ன வேலை பாக்கான்னு. நான் என்னன்னு சொல்ல?"

"பஸ்சுக்கு டிரைவர் எழுதுதேன்னு சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பஸ்சுக்கு டிரைவரை வேலைக்கு வைப்பாவ. எழுதுவாவளா? என்னைப் பாத்தா உனக்குக் கேலியா இருக்கா?"

அவள் சிரித்தாள். நான் வந்தபிறகு முதல் சிரிப்பு. எழுந்துபோய் மேஜைமேல் மூடியில்லாமல் நிற்கிற கம்ப்யூட்டரைக் காட்டினாள். அதில் ஒரு சிவப்புப் பலகை செங்குத்தாகச் செருகியிருக்கிறது. கிராபிக்ஸ் கார்டாம். திரையில் தெரிகிற படத்தை எல்லாம் அதுதான் வரைந்து அனுப்புகிறதாம். அந்தக் கார்டுக்குள்ளேயே சின்னச் சின்னக் கறுப்புப் பூச்சி மாதிரி நிறைய உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று சூடு பார்க்கும். ஒன்று காற்றாடியைச் சுற்றும். இன்னொன்று டிவி எவ்வளவு பெரிசு என்று விசாரிக்கும். இவை எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள இரண்டே இரண்டு கம்பிதான். அந்தக் கம்பிக்குத்தான் பஸ் என்று பெயர். எப்படிப் பேச வேண்டும் என்று உலகு எழுதித் தருகிறாளே, அதற்குப் பெயர் டிரைவர். எவன் வைத்த பெயரோ.

"ஒரு கம்பியில தாளம் போடும் அத்தை. இன்னொண்ணுல பேச்சு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு எழுத்து. எட்டு எழுத்து சொல்லி முடிச்சதும், கேக்குறது ஒரு தட்டு உம் கொட்டணும்."

"உம் கொட்டணுமா?"

"ஆமா. கதை சொன்னா உம் கொட்டுவோம்லா, அது மாதிரி. உம் வந்தாத்தான் மேல பேசும்."

நல்ல பழக்கம்தான். இந்த வீட்டில் நான் பேசினால் யாரும் உம் கொட்டுவதில்லை என்று சொன்னேன். அவள் "உம்" என்றாள்.

புரட்டாசி 10, வெள்ளி

பால் பொங்கி அடுப்பெல்லாம் ஆகிவிட்டது. கிழக்குப் பக்கம்தான் பொங்கியது, நல்லதுதான்.

புரட்டாசி 11, சனி

புரட்டாசிச் சனி. பெருமாளுக்குத் தளிகை போட்டேன். சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும். உலகு ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

ஏன் என்று இப்போது தெரிந்தது. ஒட்டுக்கேட்கவில்லை. சமையல்கட்டுக்கும் மேஜைக்கும் நடுவில் சுவரே இல்லாத வீடு, நான் என்ன செய்ய. அவள் மேலதிகாரி நளினா மேடம் போன் செய்தார், உலகு ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கன்னடக்காரர், ஆனால் உலகோடு தமிழில்தான் பேசுகிறார், ஒரு மாதிரித் தமிழ்.

"உலகம்மா, கொச்சியில நேத்தும் ரெண்டு ஸ்கிரீன் கறுப்பு ஆச்சு. கஸ்டமர் கத்துறாரு. நீ இங்க பாத்தா ஒண்ணும் ஆகல்ல, இல்லியா?"

"ஆகலை மேடம். ஒரு வாரமா ஓட விட்டுருக்கேன். ஒரு தடவைகூட வரலை."

"பூஜை லீவு முடிஞ்சு மண்டே வரைக்கும்தான் என்னால டைம் வாங்க முடியும். அதுக்கு அப்புறம் இந்த வேலை வேற டீமுக்குப் போகும். வேலை போனா ஆளுக்கு இடம் இருக்காது. உனக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்."

அவள் போனை வைத்தாள். நான் புளியோதரைத் தட்டோடு போய் நின்றேன். அப்புறம் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டதில் சொன்னாள். கொச்சித் துறைமுகத்தில் ஒரு கம்பெனிக்கு இவர்கள் கார்டு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே திடீர் திடீரென்று திரை கறுத்துப்போகிறது, காற்றாடி ஓ என்று அலறுகிறது. ஏன் என்று தெரியவில்லை. பெங்களூரில் அதே கார்டு சமர்த்தாக ஓடுகிறது. அந்தப் பலகைக்கு டிரைவர் எழுதியவள் இவள்.

"வந்தாத்தானே அத்தை பிடிக்க முடியும்? டாக்டர்கிட்ட போனதும் காய்ச்சல் நின்னுருதுல்லா, அந்தக் கதைதான்."

"கொச்சிக்கே போயிப் பாக்க வேண்டியதுதானே?"

"அங்க இருக்குறவன் திறக்க விட மாட்டேங்கான். வீட்டுக்குக் கொண்டுவர எனக்குக் குடுத்தது இந்த ஒரு கார்டுதான்."

அண்ணனுக்கு இதைச் சொல்லவில்லை. மதினி கண்ணில் கட்டோடு அழக் கூடாது.

புரட்டாசி 13, திங்கள்

பிள்ளைக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். தலைமுடி காய வைக்கிற மெஷினை அந்தக் கார்டுமேல் பிடித்துக்கொண்டு நின்றாள். சூடானால் அந்தக் கோளாறு வருமோ என்று பார்க்கிறாளாம். வரவில்லை. பிறகு என்னென்னவோ வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாள். திரையில் இரண்டு கோடு ஓடுகிறது, மேலே தாளம், கீழே பேச்சு. அதற்கென்று தனியாக ஒரு டப்பியை வைத்து, கார்டின் காலில் கொக்கி மாட்டி, அந்தக் கம்பிகளின் பேச்சை ஒட்டுக்கேட்கிறாள். எல்லாம் ஒழுங்காகப் பேசிக்கொள்கின்றன. "பேசுது, உம் கொட்டுது, பேசுது, உம் கொட்டுது. எனக்கே தூக்கம் வருது" என்றாள்.

நான் ஆய்க்குடி முருகனுக்குக் காசு முடிந்துவைத்திருக்கிறேன். எதற்கு என்று முருகனுக்குச் சொல்லும்போது கொஞ்சம் குழப்பமாக இருந்தது. பிள்ளைக்கு வேலை நிலைக்க வேண்டும், அதற்கு அந்தக் கோளாறு வர வேண்டும். கோளாறு வரட்டும் என்று நான் இதுவரை யாருக்கும் வேண்டிக்கொண்டதில்லை.

புரட்டாசி 15, புதன்

ஆயுத பூஜை.

காலையிலேயே வீட்டைக் கழுவிவிட்டேன். பொரி, கடலை, சாம்பல் பூசணி எல்லாம் கீழே கடையிலேயே கிடைத்தது. பூ விலையைக் கேட்டால் மயக்கம் வரும். சந்தனப் பொடியைப் பன்னீர் விட்டுக் குழைத்து, அரிவாள்மனை, கத்தி, கத்திரிக்கோல், மிக்சி, குக்கர், இடுக்கி, துடைப்பம், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, சந்தனம் தெரியாதபடி மேலே குங்குமமும் இட்டேன். சமையல் செய்கிறவளுக்குக் கரண்டிதான் ஆயுதம், அதற்கும் வைத்தேன்.

உலகு மேஜை பக்கம் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். "இன்னைக்கு ஒருநாள் அதையும் சும்மா விடு. ஆயுதத்துக்கும் ஓய்வு வேணும்லா?"

"அத்தை, இன்னும் நாலே நாளுதான் இருக்கு."

"நாலு நாளும் இப்படியே உக்காந்துருந்தா வந்துருமாட்டி?"

என்ன நினைத்தாளோ, மின்சாரத்தை அணைத்துவிட்டுப் படுத்தாள். சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள். எழுந்து இரண்டு தட்டு சுண்டல் சாப்பிட்டாள். அந்த அளவுக்கு எனக்குத் திருப்தி.

அவள் ஆயுதம் மேஜைமேல் இருந்தது. ஒரு பாரபட்சம் காட்டக் கூடாது அல்லவா. எல்லாவற்றுக்கும் வைத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

புரட்டாசி 16, வியாழன்

விஜயதசமி. விடியற்காலம் மறுபூஜை செய்து எல்லாவற்றுக்கும் புதுப்பொட்டு வைத்துவிட்டு, அப்புறம்தான் ஆயுதத்தை எடுக்க வேண்டும். அப்படித்தான் செய்தேன். உலகு குளித்துவிட்டு வந்து, சாமி கும்பிட்டுவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டாள்.

நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ஓ என்று ஒரு சத்தம். காற்றாடி அலறுகிறது. திரும்பிப் பார்த்தால் திரை கறுப்பு. தோசைக்கரண்டி கீழே விழுந்துவிட்டது. போச்சு, ஊர்ப்பட்ட விலை கார்டு, கையில் இருக்கிற ஒரே கார்டு, பிள்ளை வேலை, எல்லாம் போச்சு என்று ஓடிப்போய் நின்றேன்.

உலகு துள்ளிக் குதித்தாள்.

"வந்துருச்சு! அத்தை, வந்துருச்சு!"

"என்னட்டி வந்துருச்சு?"

"கோளாறு அத்தை! கொச்சியில வாரதேதான்! அப்படியே வந்துருச்சு!" என்று என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். தோசை கரிந்துவிட்டது.

முருகன் கேட்டுவிட்டான் என்றுதான் சொன்னேன். அது பொய் இல்லை.

அதே நாள், மாலை

மத்தியானத்துக்குமேல் கோளாறு வரவில்லை. அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்கிறாள், கார்டு சமர்த்தாக ஓடுகிறது. உலகு முகம் மறுபடி சுருங்கிவிட்டது. "காலையில என்னவோ இருந்துச்சு அத்தை. இப்ப இல்லை. என்னன்னு தெரியலையே."

நான் ரசம் வைக்கப் போய்விட்டேன். புளியைக் கரைக்கும்போது ஒரு எண்ணம் வந்தது. சந்தனம் இந்நேரம் காய்ந்திருக்கும்.

புரட்டாசி 17, வெள்ளி

வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பது ஒன்றும் புதிது இல்லை.

கோளாறு வந்தது. காலையில் நாலு தடவை வந்தது. பிள்ளை சந்தோஷமாக இட்லி சாப்பிட்டாள், ஆறு.

என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியும்படி சொன்னாள். சூடு பார்க்கிற பூச்சி இருக்கிறதே, அது பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு தட்டைத் தவறவிட்டுவிடுகிறதாம். தாளம் தப்பியதும் தான் எந்த எழுத்தில் நிற்கிறோம் என்று தெரியாமல், பேச்சுக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்கிறதாம். அது விடாவிட்டால் வேறு யாரும் அந்தக் கம்பியில் பேச முடியாது. சூடு எவ்வளவு என்று தெரியாததால் காற்றாடி பயந்துபோய் முழு வேகத்தில் சுற்றுகிறது. இவள் முதலில் எழுதிய டிரைவர் பொறுமை இல்லாமல் மொத்தக் கார்டையும் அணைத்துப் போடுகிறது. அதனால்தான் திரை கறுக்கிறது.

"அதுக்கு என்ன செய்யணும்?"

"அணைக்கக் கூடாது அத்தை. பேசாம தாளத்தை மட்டும் தட்டிக்கிட்டே இருக்கணும். அது தன் எழுத்தை எல்லாம் சொல்லி முடிச்சுட்டுத் தானா கையை விட்டுரும். அப்பவும் விடலைன்னாத்தான் அணைக்கணும். நான் இதை முதல்லயே எழுதியிருக்கணும்."

ராத்திரி எழுதி முடித்துவிட்டதாகச் சொன்னாள். ஆனால் சோதித்துப் பார்க்கலாம் என்றால் கோளாறு வரவில்லை.

புரட்டாசி 18, சனி

மூன்றாவது சனி. அவள் குளிக்கப் போனாள். நான் கொஞ்சம் பன்னீர் ஊற்றினேன். எதில் என்று எழுத வேண்டாம்.

கோளாறு வந்தது. ஆனால் பிள்ளை இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டாள். பழைய டிரைவரைப் போட்டு வரவைத்துப் பார்க்கிறாள், புது டிரைவரை மாற்றுவதற்குள் கோளாறு நின்றுவிடுகிறது. காலையில் மட்டும் ஏன் வருகிறது என்று ஆராய்ச்சி. பால் வண்டி வருகிற நேரமா, லிப்ட் ஓடுகிற நேரமா, கோயிலில் ஸ்பீக்கர் போடுகிற நேரமா என்று தாளில் எழுதிக்கொண்டே இருக்கிறாள். எதிர்வீட்டு அம்மாளிடம் போய், "காலையில என்ன மெஷின் போடுதீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் என்னிடம் வந்து, உங்கள் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்றார். நல்லாத்தான் இருக்கா, படிச்ச பிள்ளை அப்படித்தான் கேப்பா என்றேன்.

சாயங்காலம் நளினா மேடம் பேசினார். திங்கட்கிழமை கார்டை ஆபீசுக்கே கொண்டுவந்து, கோளாறையும் காட்டி, தீர்ந்ததையும் காட்ட வேண்டுமாம்.

"காலையில மட்டும்தான் வருது மேடம். வீட்டுல மட்டும்தான் வருது."

"காலையில மட்டும், வீட்டுல மட்டும். உலகம்மா, இதை நான் மேல போயி எப்படிச் சொல்றது?"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நானா கட்டிவிடுதேன்னு நினைக்காங்க அத்தை" என்றாள்.

நான் கந்த சஷ்டிக் கவசம் சொன்னேன். பாதியில் மறந்துபோனது. இத்தனை வருஷத்தில் மறந்ததே இல்லை.

புரட்டாசி 19, ஞாயிறு

விடிந்ததும் அவள் எழுந்திருக்கும் முன்னே பல் துலக்கி, முகம் கழுவி, விபூதி பூசிக்கொண்டேன். சந்தனக் கிண்ணத்தையும் பன்னீர் பாட்டிலையும் அவள் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தேன். வந்து பார்த்தாள்.

"என்ன அத்தை, இன்னைக்கும் பூஜையா?"

"உலகு, காலையில வாரது பால் வண்டி இல்ல. நாந்தான்."

அவளுக்குப் புரியவில்லை. நான் கார்டைக் காட்டினேன். வயர்களுக்கு அடியில் ஒரு இடம், பார்க்க நெற்றி மாதிரி இருந்தது, அதனால்தான் அங்கே வைத்தேன். சிவப்புப் பலகையில் சிவப்புக் குங்குமம், யாருக்குத் தெரியும்? செல்போன் விளக்கை அடித்துக் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அத்தை. கரண்டு ஓடுற இடத்துல தண்ணிய வச்சிருக்கீங்க."

"தண்ணி இல்லட்டி. பன்னீர்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் பதறிப்போய், ஊருக்குப் போய்விடுகிறேன், ரயிலுக்கு இப்போதே போகிறேன், அண்ணனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று என்னென்னவோ பேசினேன். கையை எடுத்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துகொண்டிருந்தது.

"ஏன் அத்தை மொதல்லயே சொல்லலை?"

"மொதநாள் பயத்துல சொல்லலை. அப்புறம் நீ சந்தோஷமா இருந்த. பொட்டு வச்சாக் கோளாறு வருது, கோளாறு வந்தா நீ சாப்பிடுத. நான் என்னத்தச் செய்ய?"

திரும்ப அந்தப் பொட்டையே பார்த்தாள். "கொச்சியில யாரு பொட்டு வச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. எழுந்து நடந்தாள். "துறைமுகம். உப்புக்காத்து. அதுல தூசி படியும். காலையில ஈரத்துல நனையும், வெயில் ஏறுனா காயும். அந்தப் பூச்சி காலுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு இதே வேலையத்தான் பாக்கும். அத்தை! ஈரம் அத்தை!"

எனக்குக் கொச்சி தெரியாது. அங்கே பகவதியம்மன் இருப்பாள், அவ்வளவுதான் தெரியும். உம் கொட்டினேன்.

"வையுங்க" என்றாள். "இப்ப வையுங்க, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

வேண்டாம் என்றேன். நான் செய்தது போதும். அவள் விடவில்லை. என் கையைப் பிடித்துச் சந்தனத்தில் தொட்டு, வயர்களை விலக்கி, இடத்தைக் காட்டினாள். வைத்தேன். பழைய டிரைவர். திரை கறுத்தது, காற்றாடி அலறியது. சரி என்று புது டிரைவரை மாற்றினாள். நான் பன்னீரில் விரலைத் தொட்டு மறுபடி வைத்தேன்.

இரண்டு தடவை திரை கறுக்காமல் தப்பியது. மூன்றாவது தடவை திரை கறுத்துவிட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. உலகு முகத்தில் அந்தக் கவலை இல்லை, அதுதான் ஆச்சரியம். "வந்துச்சுல்லா, அது போதும்" என்று இரண்டு கோட்டையும் பெரிதாக்கி, பல்லி பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி ஆறிப்போனது. இன்னொரு காப்பி வைத்தேன், அதுவும் ஆறிப்போனது. திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"எட்டுத் தட்டு தட்டியிருக்கேன்."

"எட்டு எழுத்துன்னுதானே சொன்ன?"

"எட்டு எழுத்து. உம் கொட்டுறதுக்கு ஒரு தட்டு யாரு குடுப்பா? ஒம்பது வேணும் அத்தை. உம்முக்கு உள்ளதை விட்டுட்டேன். ஈரம் இல்லாம நான் இதைக் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன், அப்படியே கொச்சிக்கு அனுப்பியிருப்பேன்."

திருத்தினாள். ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்றினாள், நான் பார்த்தேன். பிறகு நான் பொட்டு வைத்தேன், அவள் பார்த்தாள். வைத்தேன், பார்த்தாள். மத்தியானம்வரைக்கும் இதே வேலை. கோட்டில் அந்தப் பூச்சி தாளம் தப்புவது தெரிகிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிகிறது, ஒன்பது தட்டு விழுகிறது, கையை விட்டுவிடுகிறது. திரையில் ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றுமே நடக்காத மாதிரி படம் ஓடுகிறது.

சந்தனப் பொடி தீர்ந்துவிட்டது. கீழே போய் இன்னொரு டப்பா வாங்கி வந்தோம்.

புரட்டாசி 20, திங்கள்

ஆபீசுக்கு நானும் போனேன். "நீங்க வராம எப்படி அத்தை? பொட்டு வைக்க எனக்கு வராது" என்றாள். பட்டுச்சேலை கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். சுங்குடிதான் கட்டினேன்.

எவ்வளவு பெரிய கட்டடம். உள்ளே ஐஸ்பெட்டி மாதிரிக் குளிர். வாசலில் இருந்த காவல்காரர் பையைத் திறந்து பார்த்து, சந்தனக் கிண்ணத்தை எடுத்து இது என்ன என்றார். டெஸ்டிங் சாமான் என்று உலகு சொன்னாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

நளினா மேடம் உயரமாக, நெற்றியில் சின்னப் பொட்டோடு, நல்ல களையாக இருந்தார். உலகு விஷயத்தைச் சொல்லச் சொல்ல, என்னை ஒரு தடவை, கிண்ணத்தை ஒரு தடவை பார்த்தார்.

"அம்மா, நீங்க இந்தக் கார்டுக்குக் குங்குமம் வச்சீங்களா?"

"ஆயுத பூஜைக்கு வச்சேம்மா. தப்புன்னு தெரியாது."

"நம்ம ஆபீசுலயும் வச்சோம். மானிட்டருக்கு வச்சோம், பிரிண்டருக்கு வச்சோம். கார்டு உள்ள யாரும் கை விடல்ல" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது.

முதலில் பழைய டிரைவர். அத்தனை பேர் பார்த்ததில் பொட்டு தள்ளிப்போய் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உலகு என் காதோரம், "கீழ அத்தை. அந்தப் பூச்சிக்குக் கால் இருக்குல்லா, அங்க" என்றாள். வைத்தேன். திரை கறுத்தது. காற்றாடி அலறிய அலறலில் அடுத்த அறையிலிருந்தெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள்.

நளினா மேடம் கையைக் கட்டிக்கொண்டு, "கொச்சி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்புறம் புது டிரைவர். நான் வைத்தேன். காத்திருந்தோம். திரையில் கடல் படம் ஓடிக்கொண்டிருந்தது, அது பாட்டுக்கு ஓடியது. நளினா மேடம் ஒட்டுக்கேட்கிற டப்பியில் கோட்டைப் பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார். வைத்தேன். "ஜாஸ்தி வைங்க அம்மா." வழிய வழிய வைத்தேன். வேறு மூன்று கார்டு கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் வைத்தேன். ஒன்றும் கறுக்கவில்லை. கோட்டில் மட்டும் பூச்சி பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது.

உலகு சேலைத் தலைப்பை, என் தலைப்பை, பிடித்துக்கொண்டே நின்றாள். சின்னப் பிள்ளை மாதிரி. அவளுக்கே தெரியவில்லை.

"கார்டைச் செய்யறவங்ககிட்ட அந்த இடத்துல பூச்சு போடச் சொல்லணும். அது அப்புறம்" என்றார் நளினா மேடம். "உலகம்மா, நாளைக்கு லீவு எடு. புதன்கிழமை வந்து இதைக் கொச்சிக்கு அனுப்பு. அடுத்த மாசம் புதுக் கார்டு வருது, அதையும் நீயே பாரு."

உலகு மெதுவாகக் கேட்டாள். "வேற டீமுக்குன்னு சொன்னீங்களே மேடம்?"

"எதுக்கு?" என்றார் அந்த அம்மாள், அப்படி ஒரு பேச்சே நடக்காத மாதிரி. தாயே, நீ நல்லா இருக்கணும் என்று மனதில் நினைத்துக்கொண்டேன். மீதிச் சந்தனத்தை அவர் கையில் கொடுத்தேன். கழுத்தில் தொட்டு வைத்துக்கொண்டார்.

ஆட்டோவில் வரும்போது உலகு பேச ஆரம்பித்தாள். நான் வந்து இத்தனை நாளில் அவள் பேசியதெல்லாம் சேர்த்தால்கூட இவ்வளவு இருக்காது. கம்பி, தாளம், கொச்சி, கல்லூரியில் கூடப் படித்த பெண், வேலை போனால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தினமும் ஒத்திகை பார்த்தது, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது, அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தது. சிக்னலில் நின்றபோது பேசினாள், மழை பிடித்தபோது பேசினாள். ஆட்டோக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். எனக்குப் பாதி புரியவில்லை. நடுவில் எனக்கும் சொல்ல எவ்வளவோ இருந்தது. வாய் திறக்கவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்து, பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று மட்டும் சொன்னேன்.

புரட்டாசி 21, செவ்வாய்

மணி பதினொன்று ஆகிறது. உலகு இன்னும் எழுந்திருக்கவில்லை. பேப்பர்காரரிடம் வாயில் விரல் வைத்துக் காட்டி, காசைக் கொடுத்து அனுப்பினேன். மிக்சி போடவில்லை, சட்னிக்குக் கையாலேயே மெதுவாக இடித்துக்கொள்கிறேன். எழுப்பப் போவதில்லை.